ஏட்டில் ஏறிய பத்துக் காசு

விடிவதற்கு முன்பே அவள் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். குதிகால் வெடிப்பில் உவர்நீர் ஏறியது. முதல் பத்தடிக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். பிறகு கால் மரத்துப்போகும். நீளக் காம்பு போட்ட பலகையால் தரையில் படிந்த உப்பை வரப்போரம் இழுத்துக் குவித்தாள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையில் கண் திறக்க முடியாது. அதற்குள் பத்துக் கூடையாவது சுமந்து கொட்டியாக வேண்டும்.

உப்பளத்தில் அவளுடையது கடலோரக் கடைசிப் பாத்தி. புருஷன் கப்பலேறி நாலு வருஷமாகியும் ஒரு சேதி இல்லை. பார்ப்பவர்கள் எல்லாம் விசாரித்து விசாரித்து மனசைப் புண்ணாக்கியதில், யாரும் விரும்பாத அந்த மூலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசிப் பாத்திக்காரி என்பதே பேராகிவிட்டது. சில நாள் காலையிலிருந்து மாலைவரை பேச ஆளிருக்காது. குரல் இருக்கிறதா என்று தனக்குத் தானே இருமிப் பார்த்துக்கொள்வாள்.

அங்கேதான் ஒருநாள் சர்க்கார் குமாஸ்தா வந்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கும் வரப்பில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தான். இந்த நாடு வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று வெள்ளைக்கார சர்க்கார் கணக்கெடுக்கிறதாம். எல்லார் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்களாம். முதலாளியுடையதும் அதில் சேருமா என்று அவள் கேட்டாள்.

“எல்லாம் ஒரே குவியல்தாம்மா.”

நாலு வருஷத்தில் அவளிடம் ஒருவன் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வாய் ஓயவில்லை. மழை மாசங்களில் வேலை கிடையாது, நண்டு பிடித்து வயிறு கழுவுவது, விறகு பொறுக்குவது, குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடப்பது, கூரையைத் தானே வேய்ந்தது, எல்லாம் சொன்னாள். அவன் பேனா அசையவே இல்லை.

“காசு கைமாறாதது கணக்குல ஏறாது. நாள்கூலி என்ன? அதைச் சொல்லு.”

கூலி ஆறு காசு. ஆனால் அவ்வளவு தூரம் தேடி வந்து கேட்டவன் முன்னால் அத்தனை சிறியவளாகத் தெரிய அவளுக்கு மனசு வரவில்லை. எட்டு என்றாள். வருஷம் முழுக்கவா என்றான். தலையாட்டினாள். எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மழை முடிந்து வேலை தொடங்கிய அன்று முதலாளி எல்லாரையும் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலுக்குக் கூப்பிட்டார். கையில் அச்சடித்த தாள். இந்தப் பக்கத்தில் தலைக்கு நாளொன்றுக்குப் பத்துக் காசு வருமானம் என்று சர்க்கார் ஏடு சொல்கிறது என்றார்.

“எங்கிட்ட வாங்குறது ஆறு. மிச்சம் நாலு வேற எங்கேயோ வருது. நல்லது. இனிமே கூலி அஞ்சு.”

எந்தப் பாவி உளறினது என்று கூட்டம் முணுமுணுத்தது. அவளுக்கு அன்று கூடை கனத்தது. கழுத்தில் வடிந்த உப்புநீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. வாயைத் திறக்காமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மத்தியானம், எல்லாரும் உட்காரும் தண்ணீர்ப் பந்தலுக்கு, அவள் ஒருநாளும் போகாத இடத்துக்கு, நடந்தாள்.

“எட்டுக் காசுன்னு சொன்னது நான்தான்.”

அடுத்த பாத்தி அக்கா கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கிட்டயும் வந்தான்டி. நானும் எட்டுன்னுதான் சொன்னேன். ஆறுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

மூட்டை தைக்கிறவர் தலையைச் சொறிந்தார். மாமியார் வீட்டில் எட்டு என்று சொல்லி வைத்திருப்பதால் சர்க்காரிடமும் மாற்றிச் சொல்ல முடியவில்லை என்றார். சிரிப்பு எழுந்தது. ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். தனித்தனியாகக் கேட்டிருக்கிறான், தனித்தனியாக அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் யோசித்து யோசித்துப் பேசினாள்.

“எல்லாரும் எட்டுன்னா, ஏட்டுல பத்து எப்படி வந்துச்சு? முதலாளி வருமானத்தையும் நம்மளோட சேத்துக் கொட்டி வகுத்திருக்காங்க. அந்த மிச்சம் ரெண்டு காசு அவரோடது.”

மறுநாள் விடியலில் ஒருவரும் பாத்தியில் இறங்கவில்லை. கிட்டங்கி வாசலில் முதலாளியின் முன்னால் அவளைத்தான் பேசச் சொன்னார்கள். பின்னாலிருந்து அக்காவின் கை முதுகில் பட்டது.

“ஏட்டுல எங்களுக்குப் பத்துன்னு இருக்குங்களா ஐயா?”

“இருக்கு. சர்க்கார் பொய் சொல்லுமா?”

“அப்ப அந்தப் பத்தையே குடுத்திடுங்க. மழை நாலு மாசத்துக்கும் சேத்து.”

அவர் முகம் கறுத்தது. அது சராசரிக் கணக்கு, உங்களுக்கு விளங்காது என்றார்.

“விளங்குதுங்க. உங்க பங்கை ஏட்டுல எங்க தலையில எழுதிட்டு, எங்க பங்கைக் கையில குறைக்கிறீங்க.”

நாளைக்கே வெளியூர் ஆட்களை இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் ஏறியது. வாரிக் குவிக்காத உப்பு பாத்திகளில் இறுகத் தொடங்கியது. பயம் எல்லாருக்கும் இருந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு இரட்டிப்பாக இருந்தது. ஆனாலும் யாரும் வாசலைவிட்டு நகரவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால் வழியிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும், கடற்கரைப் பாதையில் இரண்டு பேர் உட்கார வேண்டும், யார் போகிறீர்கள் என்று மூட்டை தைக்கிறவர் கேட்டார்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“நானும் இவளும்,” என்றாள்.