நாலு பத்து முதல் நாலு ஐம்பது வரை

சேவைச் சங்கச் செயலாளரின் மனைவி இறந்த ஐந்தாவது மாதத்தில், அந்த மனைவியின் இரண்டு கண்களும் இரண்டு வேறு தெருக்களில், ஒரே நிமிடத்தில் அழத் தொடங்கின. வலது கண் அப்போது தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் பெண்ணிடம் இருந்தது. இடது கண் மரப்பட்டறைக்காரரிடம் இருந்தது. அன்று இருவருக்குமே அழக் காரணம் எதுவும் கிடையாது. தபால்காரம்மாவின் தங்கைக்குக் காலையில்தான் சுகமாகப் பிரசவம் ஆகியிருந்தது. பட்டறைக்காரர் பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தார். மணி நாலு பத்து. அவருக்கு இடது கண்ணில் மட்டும் நீர் வழிந்தது, அந்தம்மாவுக்கு வலது கண்ணில் மட்டும். நாலு ஐம்பதுக்கு இரண்டும் நின்றன. மறுநாளும் அதே நேரத்தில் தொடங்கி அதே நேரத்தில் நின்றன. அதற்கடுத்த நாளும் அப்படியே.

சங்கத்தைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் அதன் பெயர் இருக்கும், ஆஸ்பத்திரியின் சக்கர நாற்காலி முதுகில் இருக்கும், பூங்காவில் பட்டுப்போன மரக்கன்றுகளைச் சுற்றியிருந்த கம்பிக்கூண்டுகளிலும் இருக்கும். தலைவர்கள் வருஷத்துக்கு ஒருவர் மாறுவார்கள். செயலாளர் மாறியதில்லை. இருபத்தாறு வருஷமாக அவர்தான். தொழிலில் அவர் அச்சகக்காரர். ஆனால் அச்சகம் பக்கம் போனால் கல்யாணப் பத்திரிகையைவிட ரத்ததான முகாம் நோட்டீஸ்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கும். யாருக்காவது ஒன்று என்றால் ஓடிவருவார். தீப்பிடித்த வீட்டுக்காரருக்குப் போர்வை, காது கேளாத பெண்ணுக்குக் கருவி, கால் போன லாரி ஓட்டுநருக்கு மரக்கால் என்று அவர் கை படாத கஷ்டம் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம். மற்ற நாட்களில் சரியாக ஐந்து மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் கூட்டம். ஏழெட்டுப் பேருடன் அவர் உள்ளே நுழையும்போது டீ தயாராக இருக்கும். அதைக் கொண்டுவரும் மனைவியின் முகம் அப்போதுதான் கழுவியதுபோல ஈரமாக, பளிச்சென்று இருக்கும். ஆண்டு விழா மேடையில் ஒருமுறை அவர் அதைச் சொல்லியே பெருமைப்பட்டார். இத்தனை வருஷத்தில் தன் வீட்டுக்காரி வாடிய முகத்தோடு ஒருநாளும் எதிரே வந்ததில்லை என்று. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார்.

அந்தம்மா இறந்தது ஒரு கண் முகாமின் நடுவில். செயலாளர் பள்ளிக்கூடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வீட்டில் துணி உலர்த்தும்போது மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் நிதானம் தவறவில்லை. முகாமிலிருந்த டாக்டரையே கூட்டிவந்தார். கண்தானம் எழுதிக்கொடுத்தவர்களில் அந்தம்மாதான் ஊரிலேயே முதல் ஆள். கண்கள் அரை மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டன. ஊரே உருகிப்போனது. சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு கண்ணும் மங்கி, விரல் தடவித் தடவியே முத்திரை குத்திவந்த தபால்காரம்மாவுக்கு ஒன்று போனது. மரச்சிராய் தெறித்து ஒரு கண் பூத்துப்போய், தூரம் பிடிபடாமல் உளியை விரல்மேலேயே இறக்கிக்கொண்ட பட்டறைக்காரருக்கு மற்றது போனது. கட்டு அவிழ்ப்பதையே ஒரு விழாவாக நடத்தினார்கள். தபால்காரம்மா முதலில் பார்த்தது செயலாளரின் முகத்தை. ரொம்ப நாள் பழகிய முகம் மாதிரி இருக்கிறது என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

அழுகை தொடங்கிய பிறகு இருவரும் ஒரு வாரம் வெளியே சொல்லாமல் சமாளித்தார்கள். நன்றிகெட்டவர்கள் என்று யாராவது நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் தபால்காரம்மாவின் கண்ணீர் விலாசங்களின்மேல் சொட்டி மை கரைந்து, கடிதங்கள் தப்பான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டில் யாரோ ஒருவருடைய சாவுச் செய்தியைப் படித்து மூன்று நாள் துக்கம் காத்தார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து சங்கத்துக்கு வந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்கள். டாக்டர் பரிசோதித்தார். தான் வைத்தது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் வெறும் படலம், ஜன்னல் கண்ணாடியை மாற்றினால் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டார். அவர் சொன்னது சரி. கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. சங்கம் வழக்கம்போல ஒரு குழு அமைத்தது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தன் பழைய கடிகாரத்தோடு ஒரு மாதம் இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போய் நேரம் குறித்தார். ரயிலைவிடச் சுத்தமாக நேரம் பார்க்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அதைப் படித்துக்காட்டிவிட்டு அவரே செயலாளரிடம் கேட்டார், வீட்டம்மா அந்த நேரத்தில் வழக்கமாக என்ன செய்துகொண்டிருப்பார் என்று. நாலு பத்துக்குச் செயலாளர் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்க் கேட்டார். அவர் மெஷினை நிறுத்தவில்லை, மிதித்துக்கொண்டேதான் சொன்னார். பதினொரு வருஷமாகத் தினமும் அந்த நேரத்துக்குப் பின்வாசல் படியில் உட்கார்ந்து அக்கா அழுவார். சத்தம் வராது. நாலு ஐம்பதுக்கு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பார். ஏன் என்று கேட்கவில்லையா என்றார் செயலாளர்.

"ஒரு தடவை கேட்டேன் அண்ணே. ஒண்ணுமில்ல, சங்கத்து ஆளுங்க வந்துடுவாங்க, டீ போடணும்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல. நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து செயலாளர் காரணம் தேடினார். பதினொரு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று பழைய டயரிகளைப் புரட்டினார். அந்த வருஷம் சங்கம் மூன்று ரத்ததான முகாம் நடத்தியிருந்தது, இருநூறு மூக்குக்கண்ணாடி கொடுத்திருந்தது. வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மைத்துனியைக் கேட்டார், மனைவியோடு படித்தவரைக் கேட்டார். குழந்தை இல்லாததா என்றால், அதற்காக அழுது ஓய்ந்து வெகுகாலமாகிவிட்டது என்றாள் மைத்துனி. அலமாரியில் இருந்த புடவை மடிப்பு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார். கடைசியில் மனைவி கைப்பட எழுதியது என்று ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, கண்தானப் படிவம். அவரே அச்சடித்தது. எதனால் தானம் செய்ய விரும்புகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. மற்றவர்கள் மனிதநேயம், புண்ணியம் என்று பக்கம் போதாமல் எழுதியிருந்தார்கள். மனைவி இரண்டே சொல் எழுதியிருந்தார். 'அவர் கேட்டார்' என்று. அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு செயலாளர் அச்சகத்தில் வெகுநேரம் நின்றார். வேலையாட்கள் காகிதத்தில் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரி, அந்தக் கண்ணீரையாவது கண்ணால் பார்ப்போம் என்று ஒருநாள் நாலரைக்குப் பட்டறைக்குப் போனார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பட்டறைக்காரரின் கண் நின்றுவிட்டது. கன்னத்தில் கோடு மட்டும் ஈரமாக இருந்தது. மறுநாள் தபால் நிலையம் போனார். அங்கேயும் அப்படியே. அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இருவரையும் கெஞ்சிக் கூட்டிவந்து, வீட்டு முன்னறையில் ஒரே பெஞ்சில், இடது கண்ணும் வலது கண்ணும் அடுத்தடுத்து வரும்படி நெருக்கி உட்கார வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தோடு ஓரமாக நின்றார். நாலு பத்து ஆனது, நாலு பதினைந்தும் ஆனது. இரண்டு கண்களும் காய்ந்து, பளிச்சென்று, மரியாதையாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். திரும்ப வந்தார், நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். கதவிடுக்கில் நின்று பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டும் பார்த்தார். அவர் நிழல் தெரிந்தாலே போதும், நின்றுவிடும். ஊரில் அந்தக் கண்ணீரைப் பார்க்காதவர்கள் யாரும் பாக்கியில்லை, கடிதம் போட வந்த வெளியூர்க்காரர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் அது காட்டப்படவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அந்த வருஷத்துத் தலைவர், ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்காரர், விஷயம் சுலபமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டார். செயலாளர் போனால் நிற்கிறதே, அப்புறம் என்ன. ஒருநாள் பட்டறை, ஒருநாள் தபால் நிலையம் என்று செயலாளர் தினமும் நாலு மணிக்குப் போய் உட்காருவது எனத் தீர்மானம் நிறைவேறியது. ஆண்டறிக்கையில் அதற்குக் கண்ணீர் நிவாரணத் திட்டம் என்று பெயர். செயலாளர் மறுப்புச் சொல்லவில்லை. சங்கம் சொன்ன வேலைக்கு அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. ஒரு வருஷமும் சில மாதங்களும் அப்படிப் போனார். போய், முக்காலியில் உட்கார்ந்து, மழை, வெயில், மரத்தின் ரகம் என்று எதையாவது பேசுவார். பார்ப்பதற்கு, பெண்டாட்டியைப் பிறந்த வீட்டிலிருந்து அழைக்க வந்துவிட்டு வாய் திறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும் என்பார் தையல்காரம்மா. அவர் பட்டறையில் இருக்கும் நாளில் தபால் நிலையத்துக் கண் இரண்டு பங்காகப் பொழிந்தது. அங்கே இருந்தால் இங்கே. தபால்காரம்மா இரண்டு கைக்குட்டை கொண்டுவரத் தொடங்கினார். அவரும் குறை சொல்லவில்லை.

ஒருநாள் பட்டறைக்காரர்தான் பேச்சை எடுத்தார். கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, செயலாளரைப் பார்க்காமல், சொன்னார்.

"அய்யா, நீங்க வந்தா நிக்குதுங்கறது வாஸ்தவந்தான். ஆனா நின்னப்புறம் உள்ள எரியுது. யாரோ பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டு இருக்கற மாதிரி. நீங்க தெரு முனை தாண்டினதும்தான் மூச்சு விடுது."

வரும் ஒவ்வொரு நாளுமா எரிகிறது என்று கேட்டார் செயலாளர். ஒவ்வொரு நாளும்தான் என்றார் பட்டறைக்காரர். எப்போதிலிருந்து என்றார். நீங்க வர ஆரம்பிச்ச நாளிலிருந்து என்று பதில் வந்தது. செயலாளர் முக்காலியை எடுத்துச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார்.

"இனிமே நான் வரல. அவ அழட்டும்."

தபால் நிலையத்துக்கும் போய் அதையே சொன்னார். அப்படியே சங்கத்துக்கும் ராஜினாமா எழுதிக்கொடுத்தார். காரணம் என்ன என்று தலைவர் கேட்டதற்கு, வீட்டில் வேலை இருக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நாலு மணிக்கெல்லாம் அச்சகத்தை வேலையாட்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முன்கதவைச் சாத்திக்கொண்டார். பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாராம். அழுகிறாரா என்று தையல்காரம்மாவிடம் கேட்டார்கள். இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார், ஒருமுறை கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை என்றார். ஒன்பது வருஷம் அப்படி உட்கார்ந்தார். இதற்கிடையில் சங்கம் ஒரு ஆம்புலன்ஸ் வாங்கியது, நிழற்குடைக்குப் புது வர்ணம் அடித்தது, மூன்று பேர் செயலாளர் பொறுப்புக்கு வந்து போனார்கள். ஊரில் அவரைத்தான் கடைசிவரை செயலாளர் என்று கூப்பிட்டார்கள். மனைவி அழுத காரணம் அவருக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. தெரிந்த ஒரே ஆள் சொல்லாமல் போய்விட்டார்.

செயலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தார். முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். தபால்காரம்மாவும் பட்டறைக்காரரும் வேலையை முடித்துக்கொண்டு மூன்றே முக்காலுக்கு வந்து கால்மாட்டில் நின்றார்கள். சங்கத்து ஆட்கள் மலர்வளையம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பத்துக்கு இரண்டு கண்களும் அழத் தொடங்கின. முதல் முறையாக அவர் முன்னால், ஒளிக்காமல், அடக்காமல் அழுதன. கூட்டம் மொத்தமும் அதைப் பார்த்தது. மனைவி புருஷனுக்காக அழுகிறாள் என்று பெயின்ட் கடைக்காரர் தழுதழுத்தார். மற்ற சிலரும் அப்படியே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைத்தடி ஊன்றி நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ஐம்பதுக்குக் கண்கள் நின்றன. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தபால்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்கும் நேரமாகிவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

இப்போதும் நாலு பத்திலிருந்து நாலு ஐம்பது வரை அந்தத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவதில்லை. அவசரம் என்றால் மூன்றரைக்கே போய்விடுவது நல்லது.