இரண்டாவது ஊசி

தீவுச் சுற்றுலாவுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடுப்பூசி போட வேண்டும். பட்டறையையே அதட்டி ஆளும் லாரி மெக்கானிக், ஊசியைக் கண்டால் பெட்டிப் பாம்பு. முதல் ஊசிக்கும், வழக்கம்போல, மனைவிதான் அவர் கண்களைப் பொத்தினாள். “மீசை மட்டுந்தான் பெருசு!” என்று நர்ஸையும் சிரிக்க வைத்தாள்.

இன்று நர்ஸ் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் மருந்தை எடுத்து வைத்திருந்தாள்.

“அக்கா வரலையாண்ணா?”

“தவறிட்டாம்மா. மாரடைப்பு. அவ ஆசைப்பட்ட தீவு, நீங்களாவது வாங்கன்னு பொண்ணு கூட்டிட்டுப் போறா.”

நர்ஸ் ஒரு மருந்தை ஃப்ரிட்ஜில் திரும்ப வைத்தாள்.

“கண்ண மூடிக்குங்கண்ணா.”

அவர் மூடவில்லை. ஊசி இறங்குவதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார். எறும்புக்கடி அளவுகூட இல்லை.

“வலிக்குதாண்ணா?”

“வலிக்கவே இல்லம்மா,” என்றார். பொத்த ஆளில்லாத கண்கள் நிறைந்து வழிந்தன.