முதுகு காட்டாத மலை

ஒன்பதேரி வட்டாரத்தில் மலைகள் விருந்தாளிக்கு முதுகைக் காட்டுவதில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர் எந்தப் பக்கம் போய் நின்றாலும் மலை மெல்லத் திரும்பி முகத்தைக் காட்டும். ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஏரிகளும் சளைத்தவை அல்ல. கரையேறி வந்து, காலை நனைத்து வரவேற்றுவிட்டுத்தான் இறங்கும். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாக ஊர் திரும்புவார்கள்.

கோமுவுக்குத் திருப்தி இல்லை. அவள் அக்கா ஆவுடையின் வீடு மலையின் பின்பக்கத்தில் இருந்தது. தென்காசியிலிருந்து சுற்றுலாப் பேருந்தில் வந்திறங்கிய கோமு முதல் நாள் இடப்பக்கமாக நடந்து பார்த்தாள். மறுநாள் வலப்பக்கமாக. மூன்றாம் நாள் படகு பிடித்து ஏரி வழியாகப் போனாள். மலை ஒவ்வொரு தடவையும் அருவி, பாறை, மஞ்சள் பூ எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றது. அக்கா வீட்டு அடுப்புப் புகை மட்டும் உச்சிக்குப் பின்னால் தெரிந்தது.

“மரியாதை தெரிஞ்ச மலைம்மா அது,” என்றார் விடுதிக்காரர் ஞானதுரை. “வந்தவங்களுக்கு முதுகைக் காட்டுமா?”

“நான் விருந்தாளி இல்ல. ஆவுடைக்குக் கூடப்பிறந்தவ.”

“அத நீங்க சொன்னா ஆச்சா? மலை சொல்லணும்.” அவர் இன்னொரு தோசையை அவள் தட்டில் போட்டார். “உங்க அக்கா பாடுதான் பாவம். பஸ் வந்தா மலை திரும்பும். திரும்பினா அடுப்புல பால் சிந்தும். ஒத்த ஆளு, சட்டியப் பிடிப்பாங்களா, அடுப்பப் பிடிப்பாங்களா?”

கோமு தட்டைத் தள்ளி வைத்தாள். ஆறு வருஷத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்கு அக்காவுக்கு அவள் தபாலில் பத்திரிகை அனுப்பியிருந்தாள். கூடப்பிறந்தவளுக்குத் தபாலில்! நேரில் போய் அழைக்க நேரமில்லை என்று அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். ஆவுடை வந்தாள். வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டாள், மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். “கல்யாணம் நல்லா நடந்துச்சுங்க” என்று தங்கையிடமே சொல்லிவிட்டுப் போனாள். அந்த ‘ங்க’ இன்னும் கோமுவின் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதற்குப் பிறகு எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை.

‘பார்க்காமல் போகப்போவதில்லை’ என்று முடிவு கட்டினாள். நாலாம் நாள் காலை விடுதியிலிருந்து ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்ச் சருகு கூட்ட ஆரம்பித்தாள்.

மலைக்குச் சங்கடமாகிவிட்டது. விருந்துக்கு வந்தவள் எச்சில் இலை எடுத்தால் வீட்டுக்காரிக்கு எப்படியிருக்கும்? அப்படி. காற்றை அனுப்பி விளக்குமாற்றைப் பிடுங்கப் பார்த்தது. கோமு விடவில்லை. “இருக்கட்டும், இருக்கட்டும்,” என்றபடி இழுத்துப் பிடித்தாள். இரண்டு நாள் இந்த இழுபறி நடந்தது. கை காய்த்துப்போயிற்று. ஆறாம் நாள் காற்று சும்மா இருந்தது. ஏழாம் நாள் அவள் கூட்டி முடித்த இடத்திலேயே மலை இரண்டு கூடைச் சருகைக் கொட்டியது. எதுவும் கேட்கவில்லை, தயங்கவில்லை, அது பாட்டுக்குக் கொட்டியது.

கோமுவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அதையும் கூட்டினாள்.

எட்டாம் நாள் காலையில் அவள் வந்தபோது மலை அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் வேலையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றது. அந்த முதுகில் அருவியும் இல்லை, பூவும் இல்லை. ஒரு துணிக்கொடி, கொஞ்சம் முருங்கை, ஓட்டு வீடு ஒன்று. கோமு விறுவிறுவென்று ஏறினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆவுடை அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கோமு நிலைப்படியிலேயே நின்றாள். ‘வாங்க’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

அக்கா திரும்பவில்லை.

“ஏட்டி, என்ன நிக்க? பஸ் வார நேரம். பால் சட்டியப் பிடி.”

கோமு ஓடிப்போய்த் துணியால் சட்டியைப் பிடித்தாள். ஆவுடை அடுப்பைப் பிடித்தாள். கீழே பேருந்தின் ஹாரன் கேட்டது. மலை திரும்பியது. சுவர் சாய்ந்து நிமிர்ந்தது, பால் சட்டியின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பின்வாசலில் யாரோ செருமினார்கள்.

“ஆறாவது ஏரியா இருக்கும். இந்த நேரத்துக்குத் தாகம்னு வரும்,” என்றாள் ஆவுடை, வெங்காயத்தை உரித்தபடி. “நீயே குடு.”

கோமு செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏரி அதைத் தூக்கிக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தது.