வராத முக்கோணம்

"திட்டுங்க மேடம். நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறா."

தலைமை ஆசிரியையின் மேசைக்கு முன்னால் நின்றபடி அந்த அம்மா விடைத்தாளை நீட்டினார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். பிளீச்சிங் பவுடர் தின்ற விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. பக்கத்தில் அவர் மகள், பத்தாம் வகுப்பு. ஆசிரியர்களின் ஓய்வறையில் அவளுக்குப் பெயர் 'வக்கீல்'. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த உலகம் வேறென்ன பெயர் வைக்கும்?

"என்ன ஆச்சும்மா? முதல்ல உக்காருங்க."

"உக்கார எல்லாம் நேரமில்ல மேடம், அரை மணி நேரம் பர்மிஷன்ல வந்திருக்கேன். சயின்ஸ் குரூப்புக்கு எழுபத்தஞ்சு வேணுமாம். கணக்குல எழுபத்தொண்ணு வாங்கியிருக்கா. கடைசிக் கேள்விக்கு முட்டை. முழுசா அஞ்சு மார்க்! தெரியாம விட்டிருந்தாக்கூட மனசு ஆறும். கேள்வியே தப்புன்னு எழுதி வெச்சிருக்கா மேடம். இவ பெரிய இவ."

மகள் தரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை தாளை வாங்கினார். மணி ஒன்றரை. அறிவியல் பிரிவுப் பட்டியலை நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இரண்டு வரி அறிவுரை சொல்லி அனுப்பிவிடலாம் என்ற நினைப்போடுதான் படித்தார்.

'5 மீட்டர், 7 மீட்டர், 13 மீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோண வடிவப் பூங்காவைச் சுற்றி ஒரு சுற்று வேலி அமைக்க எத்தனை மீட்டர் கம்பி தேவை?'

கீழே நீல மையில்: 'இப்படி ஒரு முக்கோணம் வராது. ஐந்தும் ஏழும் சேர்ந்தால் பன்னிரண்டு. அது பதின்மூன்றின் இரண்டு முனைகளையும் எட்டாது. பூங்காவே இல்லை, வேலி எதற்கு?'

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. தலைமை ஆசிரியை ஆவதற்கு முன் பத்தொன்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். அப்படியும் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது. பழைய சுற்றறிக்கை ஒன்றை மூன்று நாடாக்களாக வெட்டினார். ஐந்து சென்டிமீட்டர், ஏழு, பதின்மூன்று. பெரியதன் இரண்டு முனைகளிலும் சின்னவற்றை வைத்துச் சாய்த்துப் பார்த்தார். சேரவில்லை. அப்படியே படுக்க வைத்துப் பார்த்தார். அப்போதும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

கணக்கு சாரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"வெளியில பெஞ்சில கொஞ்சம் இருங்கம்மா. உங்க சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கணக்கு சார் வந்தார். தாளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கேள்வி மாறவில்லை.

"இது யார் போட்ட கேள்வி சார்?"

"செயலிதான் மேடம். பாடத்தை டிக் பண்ணினா அதுவே தாள் போட்டுக் குடுத்துடும். நமக்குத்தான் நேரம் மிச்சமாகுதே."

"அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க படிக்கலையா?"

"உங்க ஒப்புதலுக்கு வருமே, நீங்க பாப்பீங்கன்னு..."

"நான், நீங்க பாத்துட்டுத்தான் அனுப்புறீங்கன்னு நினைச்சேன்."

"திருத்துனதும் அதுதான் மேடம். கம்பி எவ்வளவுன்னு அதுக்கிட்ட விடை இருபத்தஞ்சு. எழுதலன்னா சைபர்." கண்ணாடியை மறுபடி கழற்றினார். "நான் மார்க்கை மட்டும் பதிவேட்டுல ஏத்தினேன்."

பிறந்தது முதல் மார்க் விழுந்தது வரை அந்தக் கேள்வியை மனிதர் யாரும் படிக்கவில்லை. படித்தது அதற்குப் பதில் எழுத வேண்டிய பிள்ளைகள் மட்டும்தான்.

தலைமை ஆசிரியை டேப்லெட்டை எடுத்து ஒப்புதல் பட்டியலைத் திறந்தார். அந்தத் தாள் வந்த நாளில் மொத்தம் பதினாறு தாள்கள். கணக்குத் தாள் திறந்தது 10:41:07. ஒப்புதல் 10:41:09. இரண்டு வினாடி. அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பெற்றோர் கூட்டம். மேடையில் இவர் முறை வருகிற வரை மேசை விரிப்புக்கு அடியில் டேப்லெட்டை வைத்து விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய், கேள்வி கேட்கிற பிள்ளைகளை வளர்ப்பதே நம் பள்ளியின் லட்சியம் என்று இருபது நிமிடம் முழங்கினார். கைதட்டல்கூட நன்றாகத்தான் விழுந்தது. ஊருக்குத்தானே உபதேசம்.

நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நேராகப் பத்தாம் வகுப்புக்கு நடந்தார்.

"கடைசிக் கேள்வி தப்புன்னு யாருக்காவது தெரிஞ்சுதா? பயப்படாதீங்க. மார்க் குறைக்க மாட்டேன்."

ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சரசரவென்று. எண்ணினார். நாற்பது பேரில் முப்பத்தொன்று.

"தெரிஞ்சுமா இருபத்தஞ்சுன்னு எழுதினீங்க?"

முதல் வரிசைப் பையன் எழுந்தான். எப்போதும் முதல் மார்க். கூட்டாளிகள் அவனைக் 'கால்குலேட்டர்' என்பார்கள்.

"மேடம், போன வருஷம் ஒரு கேள்வி வந்துச்சு. ஒரு தச்சர் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வேலை செஞ்சா எத்தனை நாற்காலி செய்வார்னு."

"டேய், பாவம்டா அந்தத் தச்சர்," என்றது பின்வரிசை. வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஒரு நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்தான்னு எழுதினேன். முட்டை போட்டுச்சு. மனு எழுதிக் குடுத்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதவும்னு திரும்பி வந்துச்சு." ஒரு நொடி தயங்கினான். "கீழ உங்க கையெழுத்து மேடம்."

அவன் வகுப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்கப்புறம் எல்லாரும் கத்துக்கிட்டோம். அந்த வக்கீல் மட்டும் கத்துக்கல."

அந்த மனு அவருக்கு நினைவே இல்லை. பிள்ளைகள் யோசிக்க மாட்டேன்கிறார்கள், இயந்திரம் மூளையைத் தின்றுவிட்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்பியிருக்கிறார். இதுகளோ நன்றாகவே யோசித்திருக்கின்றன. யோசித்து, இந்தப் பள்ளியில் யோசித்ததை வெளியே காட்டினால் அடிவிழும் என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கின்றன.

அறைக்குத் திரும்பித் தாளாளரை ஃபோனில் பிடித்தார்.

"ஒரு பிள்ளைக்காக எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார் தாளாளர். "சரி, உங்க திருப்திக்கு மார்க்கைத் திருத்துங்க. காரணம் கேட்டா இயந்திரக் கோளாறுன்னு போடுங்க. கதை முடிஞ்சுது."

"இயந்திரம் அதோட வேலையத்தான் சார் செஞ்சுது. என் வேலைய நான் செய்யல."

"அப்படி எழுதினீங்கன்னா விசாரணை வரும். உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேசைமேல கிடக்கு, ஞாபகம் இருக்கட்டும். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்காதீங்க."

ஃபோனை வைத்தார். மூன்றே கால். மார்க் திருத்தப் படிவத்தில் காரணங்கள் வரிசையாக நின்றன. இயந்திரக் கோளாறு, தட்டச்சுப் பிழை, மாணவர் வேண்டுகோள், மற்றவை. முதலாவதைத் தொட்டால் முடிந்துவிடும். யாருக்கும் வலிக்காது. அதன்மேல் நிழலாடிய விரலைக் கீழே இழுத்து 'மற்றவை'யைத் தொட்டார்.

'கேள்வி தவறு. வினாத்தாளைத் தலைமை ஆசிரியை படிக்காமல் ஒப்புதல் அளித்தார். சரியாக எழுதிய மாணவிக்கு முழு மதிப்பெண். மற்ற யாருக்கும் குறைக்கவில்லை.'

மூன்று முறை படித்தார். அனுப்பினார். பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே எழுபத்தாறு வந்து நின்றது.

வெளியே பெஞ்சில் அம்மா ஓரமாக, எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"உங்க பொண்ணுக்கு சயின்ஸ் குரூப் கிடைச்சிடுச்சும்மா. அவ எழுதினதுதான் சரி. தப்பு எங்க மேல."

அந்த அம்மா நம்பவில்லை. தலைமை ஆசிரியை இரக்கப்பட்டுப் பிச்சை போட்டதாகவே அவர் முகம் சொன்னது. "ரொம்ப நன்றி மேடம். இனிமே இவ இப்படி எழுத மாட்டா. ஏய், எழுத மாட்டேன்னு சொல்லுடி."

"எழுதும்மா," என்றார் தலைமை ஆசிரியை அவசரமாக. "தப்புன்னு தெரிஞ்சா தப்புன்னே எழுது."

அந்தப் பெண் முதல் முறையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பார்வை.

"எழுதினா யாராவது படிப்பீங்களா மேடம்?"

"ஏய்!" அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "பெரியவங்ககிட்ட இப்படியா கேப்ப? வாய் நீளுது பாரு. மன்னிச்சிடுங்க மேடம், கிளம்புறோம்."

'படிப்போம்' என்பது தலைமை ஆசிரியையின் நுனிநாக்கில் தயாராக இருந்தது. எந்த மேடையிலும் வழுக்கிக்கொண்டு வரும் சொல்தான். இப்போது வரவில்லை.

"இதுவரைக்கும் படிக்கலம்மா," என்றார்.

அம்மாவின் பிடி தளர்ந்தது. பெண் நகரவில்லை, மீதிப் பதிலுக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.