மலையேறும் சர்வர்

எங்கள் முதலாளி ஸ்ரீரங்கன் மாமாவின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் லேசில் வராது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வரன் தகவல் மையம் நடத்துகிறவர். நாலு பேருக்குக் கல்யாணம் கூடிவரவேண்டிய இடத்தில் அமங்கலமாக ஒரு வார்த்தை விழக்கூடாது என்பது அவர் கட்சி. பிரிண்டர் ரிப்பன் தீர்ந்தால், "நீரஜா, ரிப்பன் நிறைஞ்சிருக்கு" என்பார். நான் போய் வாங்கி வருவேன். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

என்னை வேலையை விட்டு அனுப்புவதைக்கூட அவர் மங்களகரமாகத்தான் சொன்னார். "ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ ஆத்துல நிம்மதியா இருக்கலாம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தவை இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டிலும் தனித்தனியாக வரன் விவரம். ஒன்றில் 'கல்யாணம் முடிந்தது' என்று நான் குறித்துவிட்ட அடையாறு பையன், மற்றதில் பிரம்மச்சாரியாகவே இருந்தான். கே.கே. நகரிலிருந்து ஒரு குடும்பம் பழத்தட்டோடு அவன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி கையால் காப்பி குடித்துவிட்டு வந்தது. எல்லா விவரத்தையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு சர்வர் வேண்டும் என்று நான் கத்தாத நாள் கிடையாது. மாமாவோ பழையபடி வரனுக்கு ஒரு அட்டை எழுதிப் போடும் அட்டைப் பெட்டிக்கே திரும்பிவிடலாம் என்றார். அட்டைக்கு எதற்குக் கம்ப்யூட்டர்காரி?

அன்று கிளம்பும்போது வழக்கம்போல "போயிட்டு வரேன் மாமா" என்றேன். சண்டை போட்டவனைக்கூட "போயிட்டு வாங்கோ" என்று அனுப்புகிற மனிதர், "சரி" என்றார். அந்த ஒரு 'வா' மட்டும் வரவில்லை.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி பண்ணினேன். சர்வரை எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட்டலாம் என்று இரண்டு பேர் வந்து காட்டுவார்கள். ஒன்று மாமாவுக்குப் பிடித்தாலும் சர்வர் உண்டு, நானும் உண்டு.

முதலில் தி. நகரிலிருந்து டை கட்டியவர் விண்டோஸ் என்.டி.யோடு வந்தார். எல்லாம் அழகாகத்தான் போயிற்று. கடைசியில் மாமா, "சாயங்காலம் எப்படி நிறுத்தறது?" என்று கேட்டார்.

"ஷட் டவுன் சார்."

"மூடறதா? வேற வார்த்தை போடுங்கோ."

"அதெல்லாம் அமெரிக்காவிலேயே எழுதி வர்றது சார். நம்ம கையில இல்லை."

போதாக்குறைக்கு 'இல்லை' வேறு. அவர் கதை அத்துடன் முடிந்தது.

அடுத்து ராயப்பேட்டை அக்பர் பாஷா. பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பவர். லினக்ஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நான் ஒரு கம்ப்யூட்டரில் மாற்றியது மற்றதிலும் உடனே மாறியது. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு புரோகிராம் நின்றுவிட்டது.

"ஒண்ணியும் இல்ல சார், சைல்டு ஒண்ணு மாட்டிக்கினு கீது. கில் பண்ணிட்டா சரியாப்பூடும்" என்றார் பாஷா. லினக்ஸ்காரர்கள் பாஷையில், ஒரு புரோகிராம் கிளப்பிவிட்ட இன்னொரு புரோகிராம்தான் சைல்டு.

"என்னது?"

"குழந்தைய கொன்னுட்டா, பேரன்ட்டு வேற பெத்துக்கும் சார்."

மாமா எழுந்துவிட்டார். "கல்யாண ஆபீஸ்ல வந்து குழந்தையைக் கொல்றேங்கறாரே!"

பாஷா சமாளிக்கப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். "பயப்படாதீங்க சார். டீமன் பின்னால ஓடிக்கினே கீது, அது பாத்துக்கும்."

"டீமன்னா?"

"பேய் மாதிரி சார். கண்ணுக்குத் தெரியாது."

"நீரஜா, அட்டைப் பெட்டியைத் தூசி தட்டி வை. நான் கேசவப் பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன்" என்று மாமா செருப்பை மாட்டினார்.

நான் பாஷாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். "என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேளே! அந்த வார்த்தையையெல்லாம் மாத்தவே முடியாதா?"

"லினக்ஸ்ல மாத்த முடியாதது இன்னா கீது மேடம்? நீங்க பேரு சொல்லுங்க, நான் வச்சிடறேன்."

உட்கார்ந்தோம். 'கில்' என்பது 'வழியனுப்பு' ஆயிற்று. 'ஷட் டவுன்' வந்ததும் யோசித்தேன். எங்கள் வீடுகளில் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், மலையேத்து என்போம். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கச் சொன்னேன்.

பாஷா சிரித்தார். "எங்க வூட்லயும் கடைய மூடறேன்னு சொல்ல மாட்டாங்க மேடம். உருதுல, கடைய வளக்கறேன்னுதான் சொல்வாங்க."

மாமா துளசியோடு திரும்பி வந்தார். மாற்றியதை ஒவ்வொன்றாகக் காட்டினேன். 'வழியனுப்பு' வந்ததும் லேசாகத் தலையசைத்தார்.

"அந்தப் பேய்?"

பின்னால் ஓடுகிற டீமன்களின் பெயர்களெல்லாம் திரையில் 'டி' என்ற இங்கிலீஷ் எழுத்தில் முடிந்திருந்தன. "டின்னா தேவதை மாமா. பின்னாலேர்ந்து காவல் காக்கறது" என்றேன், கூசாமல்.

"எத்தனை தேவதை?"

பாஷா எண்ணினார். "பதினொண்ணு சார்."

"ஒத்தைப்படை. பேஷ்."

மாமாவே ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி 'மலையேத்து' என்று அடித்தார். திரையில் வரிகள் ஓடி அடங்கின. சர்வர் உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டேன்.

"போயிட்டு வரேன் மாமா."

"போயிட்டு வாம்மா" என்றார். "நாளைக்குச் சீக்கிரம் வா. அட்டையெல்லாம் நிறைஞ்சிருக்கு."

பாஷாவின் முகம் தொங்கிவிட்டது. வாசலுக்கு வந்ததும், "இன்னா மேடம், அட்டைதான் நெறைய கீதுன்றாரு. அப்போ சர்வரு?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலையில வயரெல்லாம் எடுத்துண்டு வந்துடுங்கோ பாஷா" என்றேன்.