தோளில் ஒரு விரல்

பாட்டு டீச்சருக்கு அந்த வாரம் காலில் சக்கரம் கட்டிவிட்டது போல ஓட்டம். வெள்ளிக்கிழமை மாலை பள்ளி ஆண்டு விழாவில் அவளுடைய பிள்ளைகள் பாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளுடைய அம்மாவுக்கு முதல் வருஷ நினைவு ஆராதனை. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அவள் யோசிக்கவே மாட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மா, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனக்குப் பிடித்த அந்தப் பழைய ஜெபப் பாட்டை மகள் சபையில் தனியாக நின்று பாட வேண்டும். அடக்கத்தன்று தொண்டை அடைத்துப் போய்ப் பாட முடியவில்லை. அந்தக் கடன் வருஷம் முழுக்க நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

திங்கட்கிழமை பள்ளியில் ஒத்திகை. டீச்சரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவளுடைய ஆள்காட்டி விரலைத் தெரியும். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட, அவள் நடுவில் புகுந்து மெல்ல நடப்பாள். ஒவ்வொரு வாயருகிலும் காதைக் கொடுப்பாள். சுருதி விலகுகிற பிள்ளையின் தோளில் அந்த விரலால் ஒரு தட்டு. தட்டு வாங்கிய பிள்ளை அதன் பிறகு வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. அடி கிடையாது, திட்டு கிடையாது, வரிசையை விட்டு விரட்டுவதும் கிடையாது. இதைத் தன் பெருந்தன்மை என்றே அவள் நம்பியிருந்தாள். எந்தப் பிள்ளையும் இதுவரை வாயைத் திறந்து குறை சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கத்தானே தட்டுவது.

இந்த வருஷம் தட்டு வாங்கியது ஒரு தையல்காரியின் மகள். தொண்டை அப்படி, வகுப்பே அவளை ஹாரன் என்றுதான் கூப்பிடும். பாட்டு என்றால் உயிர். தட்டு விழுந்ததும் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "உன் முகம் ரொம்ப அழகா இருக்குடா கண்ணு. நீ சும்மா வாயை அசைச்சாப் போதும்" என்று டீச்சர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

டீச்சர் பெற்ற மகளுக்கும் ஏழு வயதில் அந்தத் தட்டு விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒரு வரி முணுமுணுத்ததில்லை. "என் வயித்துல பிறந்தும் சுருதி சேரல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் டீச்சர் சொல்லிச் சிரிப்பாள். மகளும் கூடவே சிரித்து வைப்பாள். இப்போது அவள் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறானால் சபையின் பின்மூலையில் அப்பாவோடு உட்கார்ந்து, பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுவாள். அப்பாவுக்கு மின்சாமான் பழுது பார்க்கும் தொழில். சபையின் மைக்கும் ஸ்பீக்கரும் அவர் பொறுப்பு. சபைப் பிள்ளைகளுக்கு அவர் சவுண்டு மாமா. வீட்டில் அவர் சவுண்டைக் கேட்டவர் யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அம்மா நினைவு வருகிறது, ஆராதனை வீடியோக்களையெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். பேச்சோடு பேச்சாக, "நீ பாட்டுக் குழு நடுவுல நின்னு பாடுற, ஆனா உன் குரல் மட்டும் கேக்கவே இல்லையே?" என்று கேட்டாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. கணவரிடம் கேட்டாள். மைக் பழசாகிவிட்டது என்று அவர் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார். பொறுப்பில்லாத மனுஷர், மாமியார் காரியத்திலாவது அக்கறை வேண்டாமா என்று அவள் ஒரு மூச்சுப் பொரிந்து தள்ளினாள். மறுநாள் பள்ளியின் புது மைக்கைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை மாலை சபையில் அதைச் சோதித்தார்கள். மேடையில் பாடுகிறவர் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு, தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ள. மண்டபத்துக்குக் கேட்கிற பெரிய ஸ்பீக்கர்கள் வேறு. இரண்டுக்கும் தனித்தனி விசை. இரண்டும் சவுண்டு மாமாவின் மேஜையில். டீச்சர் ஒரு வரி பாடினாள். காலடி ஸ்பீக்கரில் குரல் கணீரென்று திரும்பி வந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பாஸ்டர் பக்கத்தில் வந்து, குழுவாகச் சேர்ந்து பாடினால் இன்னும் அம்சமாக இருக்குமே என்று இழுத்தார். அம்மா தன்னைத்தான் கேட்டாள், குழுவை அல்ல என்று டீச்சர் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள். பாஸ்டர் பின்மூலையைப் பார்த்தார். அங்கே அப்பாவும் மகளும் ஏதோ வயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் கணவர், தொண்டைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்து, அவள் திரும்பிப் பார்த்ததும் மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி அமர்க்களமாக நடந்தது. ஒரு பிசிறு இல்லை. ஹாரன் முன்வரிசையில் நின்று, சொன்ன சொல் மாறாமல் வாயை மட்டும் அசைத்தாள். முடிந்ததும் தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனை பேர் நடுவுல எம்பொண்ணு குரல் தனியாக் கேட்டுச்சு டீச்சர். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

ஆமாம், நன்றாகப் பாடினாள் என்றாள் டீச்சர். அம்மாவின் பின்னால் நின்ற ஹாரன் டீச்சரையே வெறித்துப் பார்த்தாள். வேறு ஆட்கள் வந்ததால் டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையோரத்தில் அம்மாவின் படம். டீச்சர் புது மைக்கின் முன்னால் நின்றாள். கீபோர்டு தொடங்க, கண்ணை மூடிப் பாடினாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தில், அம்மா தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தபடி பாடுகிற வரி ஒன்று வரும். அங்கே தொண்டை அடைத்துக்கொண்டது. வருஷம் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது. பாட்டு நின்றுவிட்டது.

காலடி ஸ்பீக்கரும் நின்றது. மண்டபத்தில் பாட்டு நிற்கவில்லை.

பெரிய ஸ்பீக்கர்களில் ஒரு பெண் குரல் அந்த வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனது. சுருதி சுத்தம் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி. யார் குரல் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள். ஜனங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள், சிலர் அழுதார்கள். அவர்களுக்குப் பின்னால், கணினித் திரையின் மறைவில், அவள் மகள் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கணவர் மேடையைப் பார்த்தார். உடனே விசைகளைப் பார்த்துக்கொண்டார்.

மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். அம்மாவின் படம் பக்கத்தில் இருந்தது. டீச்சர் கடைசி வரி வரைக்கும் வாயை அசைத்தாள். எந்த இடத்தில் உதடு குவிய வேண்டும், எங்கே மூச்சு வாங்குவது போலக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? அவளே சொல்லிக் கொடுத்ததுதான்.

வாசலில் பெரியம்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா கேட்டிருந்தா அப்படியே பூரிச்சுப் போயிருப்பா. வயசுப்பொண்ணு குரல் மாதிரி இருந்துச்சு." டீச்சர் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது, எவ்வளவு நாளாக என்று கேட்டாள். அவள் அம்மா நோயில் படுத்ததிலிருந்தே பெரிய ஸ்பீக்கரில் அவள் குரலை விடுவதில்லை என்றார் கணவர். சுருதி இறங்கிவிடுகிறது, அவளுக்கே அது தெரிவதில்லை. டீச்சர் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் பாஸ்டர். சபைக்கே தெரியுமா என்று கேட்டாள். பாடுகிற குழுவுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்றார்.

அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில ராத்திரி நான்தானே கூட இருந்தேன். பாட்டிக்குத் தூக்கம் வராது. பாடச் சொல்வாங்க."

டீச்சருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "என் தோளைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அந்தப் பிள்ளைங்களுக்கு அதையாவது செஞ்சேன்."

கணவர் வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள். "அப்பா சொல்றேன்னுதான் சொன்னார். நான்தான் விடல. தட்டு வாங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா."

சொல்லிவிட்டு, பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டிய மைக்கைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தாள்.