எர்மெலிந்தாவின் கூய்

வென்செஸ்லாவோ குஸ்கோவுக்கும் கில்லாபம்பாவுக்கும் நடுவே முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். மலாகா கணவாயின் வளைவுகள் அவருடைய ஹாரன் சத்தம் கேட்டால் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும் என்று ஓட்டுநர்கள் சத்தியம் செய்வார்கள். பனியிலும் மண்சரிவிலும் பதறாத அந்த மனுஷர், ஓய்வு பெற்ற ஐந்தாவது மாதம் யோகா முகாமில் சேர்ந்தார் என்ற செய்தி ஊருக்குள் பரவியபோது, சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிற பெண்கள் தராசை அப்படியே அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

அவர் சேர்ந்தது யோகாவுக்காக அல்ல. மனைவி எர்மெலிந்தாவுக்காக. முதுகு பிடித்துக்கொண்டது, பீசாக் மலைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரம்மா நடத்துகிற யோகா, மூலிகை முகாமில் ஒரு வாரம் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் பார்க்க வருபவர்களுக்கு அனுமதி கிடையாது, சேர்ந்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். அவரும் சேர்ந்தார். விண்ணப்பத்தில் 'நீங்கள் எதைத் தேடி வருகிறீர்கள்?' என்று கேட்டிருந்த இடத்தில் 'என் மனைவியை' என்று எழுதினார். முகாமை நடத்துகிற கனடாக்காரி ப்ரெண்டா அதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் அழுதாளாம். தனக்குள் இருக்கும் பெண்மையை ஒரு மனிதன் இவ்வளவு எளிமையாகத் தேடி அவள் பார்த்ததே இல்லையாம்.

உள்ளே நுழைந்தவர் கண்ட முதல் காட்சியே அவருடைய தொப்பியைக் கீழே தள்ளிவிட்டது. வைக்கோல் கூரை போட்ட பெரிய கூடத்தில் பதினான்கு வெளிநாட்டுக்காரர்கள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, ஆசிரியையின் இடத்தில், உடம்போடு ஒட்டிய ஊதா நிறக் காற்சட்டையில் அறுபத்திரண்டு வயது எர்மெலிந்தா தலைகீழாக நின்றாள். முழங்கால் வலிக்கிறது என்று மாதாகோவிலில்கூட மண்டியிடாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜெபம் சொன்னவள். அவளுடைய இரண்டு பின்னலும் தரையில் பாம்புபோலச் சுருண்டு கிடந்தன.

"வந்துட்டியா கிழவா. செருப்பைக் கழட்டிட்டு ஓரமா உக்காரு" என்றாள், தலைகீழாகவே.

அன்று மதியம் அவளிடம் தனியாகப் பேச வாய்த்தது. வீட்டுக்கு வா என்றார். மாடியில் காயப்போட்ட துணியை மழைக்கு முன்னால் எடுக்க ஆளில்லை, பூனை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று காரணங்களை அடுக்கினார். எர்மெலிந்தா பொறுமையாகக் கேட்டாள். தனக்கு முதுகு மட்டும் கெட்டுப்போகவில்லை, வேறொன்றும் கெட்டிருக்கிறது, அதைத்தான் தைத்தா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். தைத்தா என்பது அங்கே மருந்து கொடுக்கிற பெரியவர் பொலிகார்ப்போ. பனிமலை விளிம்பிலிருக்கிற கிராமத்திலிருந்து இறங்கி வருபவர். பார்வை மங்கல், கைகள் மட்டும் பருந்தின் கண்போலக் கூர்மை.

"வியாழக்கிழமை பாத்துச் சொல்லுவாரு. சரியாயிடுச்சுன்னு சொன்னா அன்னிக்கே உன்கூட வர்றேன். இல்லன்னா இன்னும் மூணு மாசம்."

எப்படிப் பார்ப்பார் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவள் சொன்னதில் எதையுமே அவர் மறுபடி கேட்டதில்லை. வெள்ளைக்காரி நடத்துகிற இடம், மணியடித்து, புகைபோட்டு, கண்ணை மூடிப் பார்ப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வரைக்கும் உயிரோடிருப்பதே பெரிய பாடாகிவிட்டது. மருந்து வேலை செய்ய வேண்டுமானால் உப்பு கூடாது, மிளகாய் கூடாது, இறைச்சி கூடாது. காலையில் உப்பில்லாத கினுவாக் கஞ்சி, மதியம் உப்பில்லாத பூசணி, மாலையில் காலையில் மிஞ்சிய கஞ்சி. மூன்றே நாளில் அவருடைய இடுப்பு வார் தன்னைத்தானே இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பட்டியில் சுமை தூக்குகிற லாமா மிருகங்கள் உப்புப் பாறையை நக்குவதைப் பார்த்தவர், அவை அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு துண்டை உடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது லாமா பார்த்துவிட்டது. அதன் பிறகு அவரைக் கண்டாலே துப்பியது.

வியாழக்கிழமை காலை, முழங்கால் வலி என்று வகுப்புக்குப் போகாமல் நழுவினார். சமையற்கட்டில் யாருமில்லை. சமையல்காரி முன்யா இலை பறிக்கப் போயிருந்தாள். அடுப்பில் தணல். மேசைமேல் ஒரு தட்டில் தண்ணீர், அதில் வெள்ளைத் துணி மூடிய ஏதோ ஒன்று. துணியைத் தூக்கினார்.

கூய். கோழி வளர்ப்பதுபோல அடுப்பங்கரையில் எல்லாரும் வளர்க்கிறார்களே, அந்தக் கினிப் பன்றி. நல்ல கொழுத்த உடம்பு. செத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிராது. மூக்கு நுனி முதல் பின்பக்கம் வரை ஒரு வெள்ளை மயிர் இல்லாத கறுப்பு.

வேறொரு சமயமாக இருந்தால் அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே நான்கு அடி பின்னால் போயிருப்பார். சுத்தக் கறுப்புக் கூய் எதற்கென்று மலையில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் உப்பைக் கண்டு நடுங்குகிற இந்த வெளிநாட்டுக்காரர்கள் உயிருள்ள கூயை உடம்பில் தடவியா நோய் பார்க்கப் போகிறார்கள்? சமையல்காரி தனக்காகத் திருட்டுத்தனமாக வைத்திருக்கிறாள் என்று பசி அவருக்கு விளக்கம் சொன்னது.

வெந்நீரில் முக்கி மயிர் பறித்தார். வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தார். குடலை வாசலில் நின்ற நாய்க்குப் போட்டார். லாமாக்களின் உப்பைத் தடவி, எண்ணெயில் விரித்து, மேலே ஆற்றுக்கல் ஏற்றி மொறுமொறுவென்று பொரித்தார். அந்த வாசனை பள்ளத்தாக்கில் இறங்கி உருபம்பா ஆற்றைக் கடந்து, அக்கரையில் விரதமிருந்த ஒரு கன்னிகாஸ்திரீயைக்கூடச் சோதித்திருக்கும். காதையும் விடாமல் தின்றுமுடித்து விரலை நக்கிக்கொண்டிருந்தபோது வெயில் முகட்டைத் தாண்டி முற்றத்தில் விழுந்தது.

வெயிலோடு கூடவே பொலிகார்ப்போவும் உள்ளே வந்தார். அவர் காத்திருந்தது அந்த வெளிச்சத்துக்காகத்தான். மங்கிய கண்ணுக்கு நல்ல வெயில் வேண்டும். பின்னால் எர்மெலிந்தா, அவளுக்குப் பின்னால் ப்ரெண்டா, அவளுக்கும் பின்னால் பதினான்கு பேர். பெரியவர் துணியைத் தூக்கினார். தண்ணீர்தான் இருந்தது. மெல்ல மூக்கை உறிஞ்சினார்.

வென்செஸ்லாவோவின் தட்டில் எலும்புகள் வரிசையாக இருந்தன.

"அது விடியக்காலையில என் உடம்பு பூரா தடவின கூய்" என்றாள் எர்மெலிந்தா. குரலில் கோபம்கூட இல்லை. "உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும். என் நோய் எல்லாத்தையும் உறிஞ்சிக்கிட்டுத்தான் அது செத்துச்சு. அதைத் தின்னுட்டியா?"

வென்செஸ்லாவோ நக்கிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ப்ரெண்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு பேரில் ஒருவர், முப்பது வருஷமாக இறைச்சி தொடாதவர், மயங்கிப் பூசணிக்காய்க் குவியலில் சரிந்தார். உருண்ட பூசணிகளை யாரும் தடுக்கவில்லை.

பொலிகார்ப்போ மட்டும் நிதானமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயிற்றைக் கீறி, உள்ளே பார்த்து நோயைச் சொல்ல வேண்டிய கூய் போய்விட்டது. இன்னொன்றைத் தடவ வேண்டுமானால் அடுத்த நிலாவரை பொறுக்க வேண்டும். ஆனால் வயிற்றைக் கீறிய கை இங்கேதான் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது.

"நீதானப்பா திறந்த. உள்ள என்ன பாத்த? ஈரல் எப்படி இருந்துச்சு, நெஞ்சு எப்படி இருந்துச்சு?"

எல்லாரும் வென்செஸ்லாவோவையே பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலைக்குள் எர்மெலிந்தா வீட்டில் இருப்பாள். பொய் நாக்கு நுனியில், உப்புக்குப் பக்கத்திலேயே தயாராக உட்கார்ந்திருந்தது. பெரியவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மிச்சத்தை நாய் தின்றுவிட்டது.

ஆனால் அவர் பார்த்திருந்தார். ஈரல் பரவாயில்லை. நெஞ்சுப் பக்கத்தில் கறுத்த கட்டி ஒன்று இருந்தது, கட்டைவிரல் நகம் அளவு. இதை வைத்துக்கொண்டு இந்தப் பிராணி எப்படி மூச்சுவிட்டது என்று நினைத்தபடிதான் கத்தி முனையால் அதைத் தள்ளிவிட்டார். அது கூயுடையது அல்ல, இவளுடையது என்று இப்போதுதான் உறைத்தது. மலாகாவில் பஸ்ஸின் முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கியபோதுகூடக் கழற்றாத தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சுல ஒரு கட்டி இருந்துச்சு தைத்தா. கறுப்பா. பெருசுதான்" என்றார்.

பொலிகார்ப்போ தலையாட்டினார். சுஸ்தோ என்றார். பெரிய பயம் தாக்கி உயிர் வெளியே குதித்து ஓடுகிற நோய். ஓடிய இடத்திலேயே அது ஒளிந்துகொண்டிருக்கும். எங்கே, எப்போது பயந்தாய் என்று எர்மெலிந்தாவைக் கேட்டார்.

அவள் கணவனைச் சுட்டிக்காட்டினாள்.

"எங்க வீட்டு அடுப்பங்கரையில. இவரு கடைசி ட்ரிப் முடிஞ்சு வந்த அன்னிக்கு. பஸ் சாவிய மேசை மேல வச்சிட்டு, இனிமே எங்கயும் போகமாட்டேன், ராத்திரி பகலா உன்கூடவே இருப்பேன்னாரு."

எவ்வளவு அழகான வார்த்தை என்று ப்ரெண்டா கண்ணைத் துடைத்தாள். பொலிகார்ப்போ நெற்றியைச் சுருக்கி, இது ரொம்பப் பெரிய பயம்தான் என்றார். அன்றைக்கு அவள் கண்ணில் நீர் வந்ததை வென்செஸ்லாவோ பார்த்திருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று ஐந்து மாதமாக ஓட்டுநர் சங்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

உயிர் அந்த அடுப்புக்குப் பின்னால்தான் பதுங்கியிருக்கும், அங்கேயே போய், அவளுடைய உடுப்பைக் காட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், இன்றைக்கே புறப்படலாம் என்றார் பெரியவர். அப்படியானால் அவள் வீட்டுக்குப் போகிறாள். வென்செஸ்லாவோ பாய்ந்துபோய்க் கோட்டை எடுத்தார்.

"நீ எங்க கிளம்பிட்ட?" என்றார் பொலிகார்ப்போ. "உன்னைப் பாத்தா அது இன்னும் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். அதோட அவ பயம் முழுசும் இப்ப உன் வயித்துல இருக்கு. இருபத்தோரு நாள் கள்ளிக் கஷாயம் குடிச்சு, பத்தியம் இருந்து, அதை வெளியேத்தணும். அந்த நாய்க்கும் அதேதான்."

பிற்பகலில் முகாமின் வண்டி புறப்பட்டது. எர்மெலிந்தா பாவாடையும் தொப்பியுமாக முன்னிருக்கையில் ஏறினாள், பின்னால் பெரியவர் மூட்டையோடு. வென்செஸ்லாவோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அந்தக் கட்டி உனக்கு ரொம்ப வலிச்சுச்சா?" என்றுதான் அவர் கேட்டார்.

எர்மெலிந்தா அவரை உற்றுப் பார்த்தாள். வேற்று ஆள் யாரோ வண்டியை மறித்து நிற்பதுபோல. அவர் அவளிடம் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. முகாம் ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கினார்.

"இருபத்தோரு நாள் முடிஞ்சதும் வா கிழவா" என்றாள். வண்டி நகரத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டினாள். "தினமும் வா. ஆனா பகல்ல வெளிய இருந்துட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வா."